இரண்டாவது ஊதல்

நாலு முறை மருந்தை இழுக்க வைத்து, ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லி மிரட்டி, கடைசியில் "வெளிய பெஞ்சுல உக்காருங்கய்யா, மருந்து வேலை செய்யக் கால்மணி நேரம் ஆகும், கூப்பிட்டா வாங்க, அதுக்குள்ள டீ கீ குடிக்கக் கெளம்பிராதீங்க" என்று சொல்லி டெஸ்ட் எடுக்கிற அந்தப் பெண் பிரிசில்லா கதவைச் சாத்திக்கொண்டபோது, நாச்சிமுத்துவுக்கு முதலில் தோன்றியது இந்தப் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதுதான். பெஞ்சின் ஓரத்தில் அவர் மகள் பூங்கொடி இருந்தாள். கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டு, பக்கத்து இடத்தை உள்ளங்கையால் தட்டி, "உக்காருங்கப்பா" என்றாள். அந்தச் சொல் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நடந்தால் உக்காருங்க, குனிந்தால் உக்காருங்க, உட்கார்ந்திருந்தாலும் நல்லாச் சாஞ்சு உக்காருங்க. ஒரு மனிதனை இந்த உலகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்த வேண்டுமென்றால் இந்த ஒரு சொல் போதும் போலிருக்கிறது. அவர் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை ஆராய்பவரைப் போல நின்றார். கவிழ்த்துப் போட்ட காலிஃபிளவர் மாதிரி இருந்தது. நல்ல நுரையீரல் ஒன்று, கெட்ட நுரையீரல் ஒன்று. கெட்டதற்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். பஞ்சு மில்லில் வேலை பார்த்தவன் நுரையீரல் வெள்ளையாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மகள் சொன்னதற்கும் தான் உட்காருவதற்கும் சம்பந்தமில்லை என்று விளங்கும் அளவுக்கு நேரத்தைக் கடத்திவிட்டு, அதற்குப் பிறகு, தன் இஷ்டத்துக்கு, உட்கார்ந்தார்.

பந்தயம் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் பந்தயம்தான். போன மாதம் மூச்சு முட்டி, பக்கத்து வீட்டு சபூரா கூச்சல் போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து எழுந்த பிறகு பூங்கொடி ஒரே பிடியாக நின்றாள். "லைன் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓசூருக்கு வந்துருங்கப்பா. இனி ஒத்தையில இருக்கறக்கு விடமாட்டேன்." அவர் முடியாது என்றார். அவள் அழுதாள். அவர் முடியாது என்றார். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம். முதலில் வெறும் நெஞ்சோடு ஊத வேண்டும், அப்புறம் மருந்தை இழுத்துவிட்டு ஊத வேண்டும். மருந்துக்கு அப்புறம் ஊதல் நன்றாக ஏறினால் நெஞ்சில் இன்னும் சங்கதி இருக்கிறது, அவர் பாட்டுக்குச் சிங்காநல்லூரிலேயே இருக்கலாம். ஏறவில்லையென்றால் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிட வேண்டும். "செரி" என்று சொல்லிவிட்டார். அவர் செரி என்று ஒன்றைச் சொன்னால் அது செரிதான். மில்லில் மேஸ்திரி முதல் யூனியன்காரர்கள் வரை எல்லோருக்கும் அது தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவளும் கேட்டாள். முதல் ஊதல் முடிந்தாயிற்று. மூக்கில் துணிக்குப் போடுகிற கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி, வாயில் அட்டைக்குழாயைக் கொடுத்து, அந்தப் பிரிசில்லா, பார்க்க ஒல்லியாக அடக்கமாக இருந்த பெண், திடீரென்று சாமி வந்தவள் மாதிரி "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும், அய்யோ நிறுத்தீட்டீங்களே!" என்று கத்திய கத்தலில் அவருக்குச் சிரிப்பு வந்து மூச்சு பாதியில் சிதறிவிட்டது. "சிரிக்கப்படாதுங்கய்யா, இது பரீட்சை" என்றாள். இரண்டாவது, மூன்றாவது தரமும் ஊத வைத்தாள். திரையில் ஒரு கோடு மேலே போய், உச்சியில் நிற்கக்கூட நேரமில்லாமல், பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரிக் குழிந்து கீழே இறங்கியது. அது எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. விரல்களை நீட்டிப் பார்த்தார். காற்றுப் பட்ட இலை மாதிரி மெல்லிய நடுக்கம். நெஞ்சும் கொஞ்சம் ஓடியது, படி ஏறாமலே படி ஏறியது மாதிரி. "பயப்படாதீங்க, மருந்து போட்டா சித்த நேரம் இப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் தம்பி முதலிலேயே சொல்லியிருந்தார். டாக்டர் தம்பி என்னென்னவோ கேட்டார். கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறீர்களா என்றுகூடக் கேட்டார். நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்க வந்தவனிடம் கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று நாச்சிமுத்து முறைத்தபோது, சில கண் மருந்துகள் இழுப்புக்காரர்களுக்கு ஆகாது, நெஞ்சை இறுக்கிவிடும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். விவரம் தெரிந்த பிள்ளைதான். நேற்று ராத்திரியிலிருந்து எந்த மருந்தையும் இழுக்காமல் வரச் சொன்னதும் அவர்தான், "தாங்க முடியலைன்னா போட்டுக்கோங்க, டெஸ்ட்டு எங்கயும் ஓடிப் போயிராது" என்று சொல்லிவிட்டிருந்தார். காலையில் சட்டையை மாட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பூங்கொடி பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வேண்டுமென்றே பொத்தான்களை மெதுவாகப் போட்டார், மெதுவாகப் போடுவதுதான் தன் வழக்கம் என்பது போல. நடுக்கம் இன்றைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. இந்த நடுக்கம் அவருக்கு முன்னமே தெரியும். போன மாதம் மூச்சு முட்டிய அன்றைக்கும் இதே நடுக்கம். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் விரல்கள் இப்படித்தான் தாளம் போட்டன. நீலப் பம்ப்பை எத்தனை தடவை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நாலைந்து என்றார். நாலைந்தா? நாற்காலிக்குப் போக மனசு மறுத்தது. இது வேறு நடுக்கம். இது அளந்து கொடுத்த நடுக்கம். அந்த நாற்காலியைப் பற்றி இப்போது என்ன, கால்மணி நேரத்தில் கால்வாசி போயிருக்கும். படத்தில் இருந்த கறுப்பு நுரையீரலைத் திரும்பவும் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருக்கும். சந்தேகமே இல்லை.

கார்டிங் டிபார்ட்மெண்டில் எல்லாமே வெள்ளைதான். பஞ்சைச் சீவி நாராக்குகிற மிசின்கள் வரிசையாக ஓட, புருவத்தில் பஞ்சு, காது மயிரில் பஞ்சு, சோற்றுப்போசியைத் திறந்தால் மூடியின் உள்பக்கத்தில் பஞ்சு. ஷிப்ட் முடிந்ததும் ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். தொண்டையில் இருக்கிற பஞ்சை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்விடும் என்று கொடுத்தவனும் நம்பினான், தின்றவனும் நம்பினான். வயிறு நிறைந்தது, பஞ்சு நெஞ்சிலேயே இருந்தது. திங்கட்கிழமைதான் மோசம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் நல்ல காற்றில் இருந்துவிட்டு, கறி தின்றுவிட்டு, திங்கள் காலையில் உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் யாரோ நெஞ்சின் மேல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். செவ்வாய், புதன் என்று போகப் போகப் பழகிவிடும். லீவு போட்டுச் சுகம் கண்டதற்குத் தண்டனை என்று பேசிக்கொள்வார்கள். அதற்காகத்தான் மருந்து இழுக்கிற அந்தப் பொதுப் பம்ப்பு. யாரோ ஒருத்தருடைய மச்சான் மெடிக்கல் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு ஆளுக்கு ஓர் இழுப்பு, வேட்டி நுனியில் துடைத்து அடுத்தவனுக்கு, பீடியைப் பங்கு போடுகிற மாதிரி. அண்ணாந்து, வாயைப் பிளந்து, நாக்கில் அடித்துக்கொண்டு, கசக்கிறதே, அப்படியென்றால் மருந்து இறங்கிவிட்டது என்று. ஒருத்தருக்கும் இழுக்கத் தெரியாது. குலுக்க வேண்டும், முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், பம்ப்பை அழுத்தும்போதே மெதுவாக உள்ளே வாங்க வேண்டும், பத்து எண்ணும்வரை பிடித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் இவ்வளவு வருஷம் கழித்து இந்தப் பிரிசில்லா சொல்லித்தான் தெரிகிறது. ஏதோ கொஞ்சம் உள்ளே போகும், மூட்டை இறங்கின மாதிரி இருக்கும், திரும்பவும் மிசினுக்குப் போய்விடலாம். மருந்து மூடின கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவு வழியாகப் பஞ்சு இன்னும் சுலபமாக உள்ளே போனது. மேஸ்திரிக்கு அது தெரியும். தெரிந்துதான் பிள்ளையார் படத்தைக் கழற்றாமல் விட்டுவைத்தான். நினைக்க நினைக்க நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் மகள் பார்ப்பாள், அதனால் டீயை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்துக் காற்றை மெதுவாக வெளியே விட்டார். அவள் பார்த்துவிட்டாள். "என்னப்பா பண்ணுது?" "ஒண்ணும் பண்ணல. மூச்சு விடறேன். அதுக்கும் கேக்கோணுமா?"

ஆறுக்குட்டி. அவன் பெயர் வருவதற்குத்தான் மனசு இவ்வளவு சுற்றியது. அடுத்த மிசின்காரன். பேச்சில் அவனை அடிக்க ஆள் கிடையாது, மேனேஜர் நடப்பதை நடந்து காட்டினால் மேனேஜரே சிரிப்பார். ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட்டில், அவன் பிள்ளையார் படத்துக்குப் போனான், வந்தான், போனான், வந்தான். "டிஸ்பென்சரிக்குப் போடா" என்றால், "மாத்தாள் வரட்டும்டா நாச்சி, மிசினை எப்படி உட்டுட்டுப் போறது, சங்கு ஊதட்டும், போறேன்" என்றான். பம்ப்பு போட்டவுடன் சரியாகப் போச்சு என்பான். அந்தச் சரி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பம்ப்பை அழுத்தினால் வெறும் காற்று வந்தது. அப்புறம் இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது. விசில் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அடங்கிருச்சு, இனி பயமில்லை என்று நாச்சிமுத்துதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மிசினைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சத்தம் நின்றது நெஞ்சு திறந்ததால் அல்ல, சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று போகாததால் என்று போன மாதம் டாக்டர் தம்பி சொன்னபோது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பஞ்சுத் தள்ளுவண்டியில் போட்டு ஆறுக்குட்டியை மில் கேட் வரைக்கும் கொண்டுபோனார்கள். கேட்டைத் தாண்டும்போது சங்கு ஊதியது. அதுதான் அவனுடைய ஷிப்ட் முடிந்த நேரம்.

பூங்கொடியின் போன் அடித்தது. அவள் எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய் நின்று பேசினாள். தணிந்த குரல்தான், ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தணிந்த குரல்தான் நன்றாகக் கேட்கும். "இன்னும் ஒரு தடவை ஊதோணும்... இல்லைங்க, ஏறாதுங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது... அந்த ரூமை ஒழிச்சு வெச்சுருங்க, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுருங்க, ராத்திரி கதவைத் தொறந்தே வெக்கலாம், நம்ம படுக்கற எடத்துல இருந்து பாத்தாத் தெரியற மாதிரி." ஓசூர் வீடு அவருக்குத் தெரியும். மருமகன் தங்கமானவர், ஒரு குறை சொல்ல முடியாது. போன தடவை போனபோது ராத்திரி கண் விழித்தால் கதவிடுக்கில் யாராவது நிற்பார்கள். ஒருநாள் மகள், ஒருநாள் மருமகன். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் அவருக்குத் தூங்கிக்கொண்டே மூச்சு விடுவது முடியாமல் போயிற்று. பார்க்கிறவர்களுக்காக மூச்சு விட வேண்டியிருந்தது. சிங்காநல்லூர் லைன் வீட்டில் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஓட்டு வீடு, ஓதம் வேறு. ஆனால் ரசத்தில் எவ்வளவு மிளகு போட வேண்டும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். ரேடியோவை எப்போது நிறுத்துவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். மனைவி ரங்கநாயகி இறந்துபோன பிறகு முதல் கொஞ்ச நாள் அழுதுகொண்டே சமைத்தார், அப்புறம் அழாமல் சமைத்தார், அப்புறம் ஒருநாள் பூண்டை வதக்கும்போது பாடிக்கொண்டிருந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். அந்த அடுப்படியை யாரும் கொடுக்கவில்லை. ஒத்தையாளாக ஒரு வாழ்க்கையைக் கட்டுவதற்கு எவ்வளவு பாடு என்று மகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். ஆனால் அதை ஓர் அட்டைக்குழாயில் ஊதித் தோற்கப் போகிறோம் என்று நினைத்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு முரண்டு கிளம்பியது. ஏறாதாம். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

சரி, அந்த நாற்காலிக்கே போய்விடுவோம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். யார் தடுப்பது. அன்றைக்கு மத்தியானம் பக்கத்துக் காலி மனையில் வாட்ச்மேன் சருகுகளைக் கூட்டித் தீ வைத்தான், கூடவே ஒரு பழைய பஞ்சு மெத்தையையும் போட்டான். பஞ்சு எரிகிற வாசனை வந்ததும் ஜன்னலைச் சாத்தினார். முந்தின வாரத்திலிருந்தே நெஞ்சு சரியில்லை. தினம் காலையில் இழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்த மருந்து டீவி மேல் சும்மா கிடந்தது, இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை, எதற்கு அது என்று. நீலப் பம்ப்பு அப்படியில்லை. போட்டால் அடுத்த நிமிஷம் தெரியும். தெரிகிறதுதான் மருந்து என்று நினைத்தார். தெரியாமல் காவல் காக்கிறது ஒன்று, தீப்பிடித்தால் ஓடிவருவது இன்னொன்று, முன்னதை விட்டுவிட்டுப் பின்னதையே நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம். "நீலத்தை அடிக்கடி தேட ஆரம்பிச்சீங்கன்னா, இன்னும் நாலு தடவை அடிக்கோணும்னு அர்த்தமில்லைங்கய்யா, எங்ககிட்ட வரவேண்டிய நேரம் வந்துருச்சுன்னு அர்த்தம்." டாக்டர் தம்பி சொல்லித்தான் அது இப்போது தெரிகிறது. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து போட்டார். நின்றது. திரும்ப வந்தது. போட்டார். கை நடுங்கியது, நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. நாலைந்து இல்லை. எண்ணிக்கை விட்டுப் போயிற்று. டாக்டரிடம் சொன்னது பொய். சுவருக்கு அந்தப்பக்கம் சபூரா இருக்கிறாள், மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கிறது, சுவரைத் தட்டினால் போதும். போன் மடியிலேயே இருக்கிறது. ஏன் தட்டவில்லை? கூச்சமா? அதுவும் கொஞ்சம். ஆனால் அது இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை ஆகட்டும் என்று இருந்தார். நாலரை ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாலரைக்கு என்ன? யார் வருகிறார்கள் நாலரைக்கு? பஸ்ஸா, டாக்டரா, மழையா? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அப்போதுதான் விளங்கியது. நாலரைக்குச் சங்கு. முதல் ஷிப்ட் முடிகிற சங்கு. மில்லை மூடி, மிசினைப் பழைய இரும்புக்குப் போட்டு, புகைபோக்கியை இடித்து, அந்த இடத்தில் அபார்ட்மெண்ட் கட்டி ஜனங்கள் குடிவந்து மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறார்கள். அவர் செத்துக்கொண்டிருக்கும்போது நாலரை மணிச் சங்குக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், மாத்தாள் வராமல் எழுந்து போகக் கூடாது என்று. யாருக்கு மாத்தாள்? எந்த மிசினுக்கு? அட நாய்களா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பூங்கொடி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எதிரே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் தன்னைத்தானோ என்று குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "உன்னையில்ல அம்மணி" என்றார் நாச்சிமுத்து. "பழைய ஆளுக."

அவருக்குள் ஒரு வெறி வந்திருந்தது, ஆனால் அது காலையில் வந்த வெறி இல்லை. காலையில் மகளோடு சண்டை. பெஞ்சில் உட்கார்ந்தபோது டெஸ்ட்டோடு சண்டை. இப்போது யாரோடு சண்டை என்று தெளிவாக இருந்தது. நெஞ்சுக்குள் இன்னும் ஒருத்தன் கார்டிங் மிசின் பக்கத்தில் நிற்கிறான், வெளியே போக அவுட்பாஸ் கேட்கப் பயப்படுகிறான், சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்கிறான். அவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். "நாச்சிமுத்து!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கிளிப்பை மாட்டினாள். "இந்தத் தடவை சிரிக்கப்படாது. நல்லா இழுங்க, இழுங்க, இழுங்க... ஊதுங்க!" ஊதினார். முதல் வீச்சு பெரிதாகப் போனது, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, வீச்சு தேய்ந்து நாராயிற்று, விடாதீங்கய்யா, நாரை அறுக்காமல் இழுப்பது அவருக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் அதுதான் வேலை, இன்னும் இன்னும், கண் இருட்டியது, விலாவெல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் போலிருந்தது, இதற்குமேல் உள்ளே ஒன்றுமில்லை, இருக்கு இருக்கு ஊதுங்க, ஒன்றுமில்லாத இடத்திலிருந்தும் ஒரு துளி வந்தது, அது தன் மூச்சு, பஞ்சுக்கும் மேஸ்திரிக்கும் கொடுத்தது போக மிஞ்சியது, அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, போதும் போதும் போதும், "சபாஷ்!" என்றாள் பிரிசில்லா. இன்னும் இரண்டு தரம் ஊத வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்த முகத்தில் சபாஷ் இல்லை. "நல்லாத்தான் ஊதுனீங்க. ஆனா பெருசா ஏறலைங்கய்யா. துளி ஏறியிருக்கு, அவ்வளவுதான்." வாசலில் நின்ற பூங்கொடியையும் பார்த்துச் சொன்னாள்: "ஏறலைன்னா மருந்து வீண்னு நெனச்சுக்காதீங்க. இவருக்கு நெஞ்சுக்குழாய் கொஞ்சம் நெரந்தரமா சுருங்கியிருக்கு. தெனம் போடறதை விடாமப் போட்டா மூச்சு வாங்கறது கொறையும், திடீர்னு நோவு படுத்தறதும் கொறையும். டாக்டர் விவரமாச் சொல்லுவாங்க."

டாக்டர் விவரமாகச் சொன்னார். வெளியே வந்ததும் அவர் பூங்கொடியைப் பார்த்தார். ஜெயித்தவள் மாதிரி இல்லை அவள் முகம், காலையிலிருந்து சாப்பிடாதவள் மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஹவுஸ் ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்பா" என்றாள். "பேசறக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நான் வரல." அவள் நின்றுவிட்டாள். "செரின்னு சொன்னீங்க." "சொன்னேன். இப்ப வாக்குத் தவறுறேன்." அப்படிச் சொன்னபோது அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "நீங்களா? நீங்களாப்பா இப்படிப் பேசறீங்க?" "ஆமா. உன்ற வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லீரு, எங்கப்பன் வாக்குத் தவறீட்டான்னு." அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "அன்னைக்கு சபூராக்கா தண்ணி மோட்டார் போடச் சொல்ல வராம இருந்திருந்தா?" "செத்திருப்பேன்." "அப்பா!" "ஓசூர்ல இருந்திருந்தாலும் செத்திருப்பேன். நீ ஆபீசு போயிருப்ப. நான் ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல உக்காந்து நாலரை ஆகட்டும்னு கடியாரத்தைப் பாத்துட்டு இருந்திருப்பேன்." எதற்கு நாலரை என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். ஆறுக்குட்டியைச் சொன்னார், சங்கைச் சொன்னார், டாக்டரிடம் இப்போதுதான் உள்ளே பம்ப்பு போட்ட சரியான கணக்கைச் சொல்ல முயன்றதையும், எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டதையும் சொன்னார். "தப்பு அந்த ஊட்டுல இல்ல. என்ற கிட்ட இருந்துது. அதை நான் ஊட்டை மாத்தி எப்படிச் சரி பண்றது?" அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவரிடம் பழிவாங்குகிறவள் மாதிரி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். "காலைல எந்திரிச்சா?" "தெனம் போடறதை இழுப்பேன். நல்லா இருந்தாலும் இழுப்பேன்." "நீலம்?" "மூச்சு வாங்குனா மட்டும். பம்ப்பு முனையில பிளாஸ்டிக் குழாயை மாட்டி, டாக்டரு எழுதிக் கொடுத்த அளவுக்கு. அடிக்கடி தேட ஆரம்பிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி." "போட்டும் அடங்கலைன்னா? ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியலைன்னா?" "நூத்தியெட்டு. வண்டி வர்ற வரைக்கும் டாக்டரு சொன்னபடி போட்டுட்டே சபூரா சுவத்தைத் தட்டுவேன்." "ராத்திரின்னா?" "ராத்திரின்னா என்ன?" "நோம்பி நாளா இருந்தா? அவங்க சாப்பிட்டுட்டு இருந்தா?" "சோத்துக் கையோட வரட்டும்." "எனக்குப் போன் பண்ணி, போலாமா வேண்டாமான்னு கேட்டுட்டு இருப்பீங்களா?" "யாரையும் கேக்க மாட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்வாரத்தில் எதிரொலித்தது. பூங்கொடி வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். மூஞ்சியைப் பார்த்தால் தெரிகிறதா என்று பார்க்கட்டும் என்று அவரும் அசையாமல் நின்றார். "மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பேன்" என்றாள் அவள். "சொல்லாமக் கொள்ளாம வருவேன்." "வா. ரசம் வெக்கறேன்."

லிப்டில் ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்ததால் படியில் இறங்கினார்கள். அவள் கையைப் பிடிக்க வந்தாள், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறங்குவது சுலபம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். பாதியில் நெஞ்சு நில் என்றது. பார்வையாளர் நேரம் முடிந்து மேலிருந்து கூட்டம் மொத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது, கூஜாவும் பையும் பிளாஸ்க்குமாக. இத்தனை வருஷமும் இந்த மாதிரி நேரத்தில் அவர் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிவார், போனைப் பார்க்கிற மாதிரி நடிப்பார், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். இன்றைக்குப் படியின் நடுவில், நிமிர்ந்து, அப்படியே நின்றார். உதட்டைக் குவித்தார். உள்ளே வாங்கினார், மெதுவாக, அதைவிட மெதுவாக வெளியே விட்டார். "ஏனுங் பெரியவரே, வழிய மறிச்சுட்டு நிக்கறீங்களே" என்று பின்னாலிருந்து ஒருத்தன் தோளை இடித்தான். அவர் திரும்பவில்லை, பதிலும் சொல்லவில்லை, பதில் சொல்ல மூச்சைச் செலவழிப்பதாக இல்லை. பூங்கொடிதான் இரண்டு படி மேலே ஏறி, கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "இருங்க" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "எங்கப்பா மூச்சு விட்டுட்டு இருக்கறாரு." கூட்டம் நின்றது. நாச்சிமுத்து அவசரப்படவில்லை.